பாளையம் போய்க் கச்சேரி வந்தது

கொல்லிமலைக்குக் கீழே – 14

1792 மார்ச் மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். தண்டத் தொகை 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அது கட்டி முடியும்வரை அவருடைய பிள்ளைகள் இருவர் பிணை. நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் மூவர்: ஆங்கிலேயக் கும்பினி, மராத்தியர், ஹைதராபாத் நிஜாம். கும்பினியின் பங்கில் மலபார், திண்டுக்கல், பாராமகால் இவற்றோடு சேலம், சங்ககிரி, நாமக்கல் சீமைகளும் விழுந்தன. மலைக்கு மேலிருந்த ஓசூர்ப் பக்கம் மட்டும் இன்னும் 7 வருஷம் திப்புவிடமே இருந்தது.

மைசூர்ப் போர்களை முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த சண்டையாகச் சொல்கிறவர்கள் இந்தப் பங்குச் சீட்டில் நிஜாமை எங்கே உட்கார வைப்பார்களோ தெரியவில்லை. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவும் கும்பினியின் ஆள்தான். இத்தனைக்கும், டில்லி பாதுஷாவிடம் முறைப்படி சன்னது வாங்கி, மரபு வழுவாமல் ஆண்ட முஸ்லிம் அரசர் யாரென்று கேட்டால் திப்புவைவிட வாலாஜாவையே காட்ட வேண்டும். அந்தச் சன்னதுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கும்பினிக்காரர்களிடம் பட்ட கடனுக்கு வட்டி கட்டியே அவர் காலம் போயிற்று. இந்த வாரம் நாம் பார்க்கப் போவது மரபான சன்னது எதுவும் கையில் இல்லாத இன்னொரு முஸ்லிம் அரசை. நம் சமவெளியில் இன்றைக்கு இருக்கும் தாலுகா நிர்வாகத்தின் அடித்தளத்தைப் போட்டது அதுதான்.

புதிதாக வந்த நாட்டை நிர்வகிக்கக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பட்டாளத்து அதிகாரிகளை அனுப்பினார். சென்னையிலிருந்த சிவில் துரைமார்களுக்கு நாட்டு மொழி எதுவும் தெரியாது என்பது அவருடைய நெடுநாள் எரிச்சல். கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடு தலைமை. அவருக்குக் கீழே மன்றோ, கிரகாம், மெக்ளாய்டு. மன்றோ தர்மபுரியில் உட்கார்ந்தார். சேலத்துக்குத் தெற்கே நாமக்கல் வரையிலான பகுதி மெக்ளாய்டு பொறுப்புக்கு வந்தது.

வந்து பார்த்தவர்களுக்கு ஒரு சௌகரியம் காத்திருந்தது. குடியானவனுக்கும் அரசுக்கும் நடுவே அசைக்க முடியாத பெரிய மனிதர் எவரும் இல்லை. இதன் அருமை தெரிய வேண்டுமானால் அதே சமயம் தெற்கே நடந்ததைப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் கிஸ்தி கேட்டுப் போன கும்பினி, பாளையக்காரர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றது. பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டையை இடித்து, 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கில் போட்டு, அதற்குப் பிறகும் ஊமைத்துரையோடும் மருது சகோதரர்களோடும் 1801 வரை போர் செய்தது. சேலம் ஜில்லாவில் அந்த வேலையைக் கும்பினி செய்ய வேண்டி வரவில்லை. முன்பே செய்து முடித்திருந்தார்கள், மைசூர்க்காரர்கள்.

செய்தது யார், எப்போது என்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. கெட்டி முதலிகளின் தாரமங்கலம், அமரகுந்தி ஆட்சியைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். சேந்தமங்கலத்து ராமச்சந்திர நாயக்கரைப் பற்றியும் பார்த்தோம்; நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் அவர்தான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், மைசூர் அதிகாரி லட்சுமிநரசய்யா கட்டினார் என்று இன்னொரு சாரார். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிக்கதேவராஜ வாடியார் இந்தப் பக்கத்தை மைசூரோடு சேர்த்தபோதே, துறை துறையாகப் பிரித்த கச்சேரி நிர்வாகம் அங்கே தலையெடுத்துவிட்டது. அவரோ பரம வைஷ்ணவர். ஆகவே வரிக்கணக்குப் பிடித்து ஆளும் வித்தை சுல்தான்களோடு வந்திறங்கியது என்று சொன்னால் பாதி பொய். சிக்கதேவராயர் தொடங்கியதை ஹைதர் அலி முரட்டுத்தனமாக விரித்தார். திப்பு எழுதி வைத்துச் சட்டமாக்கினார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த அவ்வளவுதான் குடியானவன் வாழ்க்கையில் கொஞ்சமில்லை.

ஹைதர் விரித்ததற்குக் காரணம் பட்டாளச் செலவு. மாதச் சம்பளம் ரொக்கமாக வாங்கும் சிப்பாய், பிரெஞ்சுக்காரனிடம் டிரில் கற்ற காலாட்படை, பீரங்கி வார்க்கும் பட்டறை, இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டு, இவை எதையும் பாளையக்காரர் போனால் போகிறதென்று கொண்டுவந்து கொடுக்கும் காணிக்கையை நம்பி வைத்துக்கொள்ள முடியாது. 1780-இல் பொள்ளிலூரில் கும்பினிப் படையை நொறுக்கிய சேனைக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் ராசிபுரத்துப் புஞ்சையிலும் பரமத்தி வாய்க்கால் பாசனத்திலும் போய் நிற்போம். நடுவில் இருப்பவன் தின்கிற பங்கை அரசு தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஊரிலும் எத்தனை ஏர் என்று தெரிந்திருக்க வேண்டும். பர்ட்டன் ஸ்டெயின் போன்ற வரலாற்றாசிரியர்கள் மன்றோவின் ஆட்சி முறைக்கு முன்னோடி இங்கேதான் இருக்கிறது என்று சொல்வது இதனால்தான்.

மன்றோவே இதைக் கண்டுகொண்டவர். போர் மூண்ட 1790-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்று புகழ் பெற்றது. மைசூர் அரசைப் போல எளிமையான, அதே அளவுக்குக் கொடுங்கோன்மையான தனியாட்சி உலகில் வேறெங்கும் இல்லை; எல்லாத் துறையிலும் ஒழுங்கு இருக்கிறது; பிறப்பால் வரும் பெருமைக்கு அங்கே செல்வாக்கில்லை; தனிக்காட்டு ராஜாக்களாக இருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள் அல்லது அழிந்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். எதிரியின் வாயிலிருந்து வந்தது. சற்றே பொறாமையும் தெரிகிறது.

திப்புவின் வருவாய் ஒழுங்குமுறைகள் அடங்கிய பாரசீகக் கையெழுத்துப் பிரதி ஒன்று இந்தப் போரில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதை மொழிபெயர்த்து 1792-இல் கல்கத்தாவில் அச்சிட்டார்கள். அதில் வரி அதிகாரியான ஆமில்தார் செய்ய வேண்டியவை வரிசையாக வருகின்றன. ஊர் ஊராகப் போய்க் குடிகளையும் ஏர்களையும் எண்ண வேண்டும். மாடு வாங்க வழியில்லாத குடியானவனுக்குத் தக்காவிக் கடன் கொடுக்க வேண்டும். தரிசை உடைத்துப் பயிர் வைக்கிறவனுக்கு முதல் வருஷம் வரி கிடையாது. பிறகு படிப்படியாக ஏற்ற வேண்டும். ஊர்ப் பட்டேல் தன் நிலத்தைக் குடிகளைக் கொண்டு கூலியில்லாமல் உழுதுகொள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போதுதான் அதுவரை பட்டேல்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது நமக்குப் புரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. குற்றம் செய்த குடியானவனிடம் அபராதப் பணம் வாங்காமல், ஊருக்கு முன்னால் இரண்டு மாங்கன்றும் இரண்டு வாதுமைக் கன்றும் நட்டு, அவை குறிப்பிட்ட உயரம் வளரும்வரை தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டுமாம். வெயில் காலத்தில் நாமக்கல் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது லேசான தண்டனை இல்லை என்று தெரியும். ஏட்டில் இருந்த அளவுக்கு எல்லாம் நடந்திருக்குமா என்றால், நடந்திருக்காது. கடுமையான வசூல், பட்டாளம் போகும் வழியில் சூறை, போர்க்காலத்துப் பஞ்சம் எல்லாம் இதே ஆட்சியில்தான் நடந்தன. ஆனாலும் அரசு என்பது மரக்கன்றின் உயரத்தைக்கூட அளந்து பார்க்கும் என்ற எண்ணமே நம் ஊருக்குப் புதிது.

சரி, இதில் இஸ்லாம் எங்கே வருகிறது?

மேலே சொன்ன விதிகளில் அதைத் தேடினால் கிடைக்காது. அரசின் பெயரிலும் நாணயத்திலும் நாட்காட்டியிலும் கிடைக்கும். ஹைதர் கடைசிவரை வாடியார் பெயரில்தான் ஆண்டார். தசராவில் ராஜாவைக் கொலுவில் வைத்து, தான் தளவாயாக நின்றார். திப்பு அந்தத் திரையை விலக்கினார். தன் அரசுக்கு குதாதாத் சர்க்கார், இறைவன் அளித்த அரசு, என்று பெயர் வைத்தார். நாணயத்திலிருந்தும் வெள்ளிக்கிழமைக் குத்பாவிலிருந்தும் முகலாய பாதுஷாவின் பெயரை எடுத்தார். ஹிஜ்ரி ஆண்டுக்குப் பதிலாக மௌலூதி ஆண்டு என்று ஒன்றைப் புகுத்தினார். நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து எண்ணுவது என்பது பெயரின் பொருள். இந்த நாட்காட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மாதங்களுக்கு அஹ்மதி, பஹாரி என்று பெயர்கள். ஆனால் முதல் மாதம் சைத்ரத்தில் தொடங்குகிறது. இடையில் அதிக மாதம் வருகிறது. பிரபவ, விபவ என்று நாம் எண்ணும் 60 வருஷச் சுற்றும் அரபிப் பெயர் சூட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது. மைசூர்ப் பஞ்சாங்கத்துக்குத் தலைப்பாகை கட்டியதுதான் மௌலூதி. பருவத்தோடு ஒட்டாத ஹிஜ்ரி மாதங்களை வைத்துக்கொண்டு அறுவடை வரி வாங்க முடியாது என்பதை அக்பர் முன்பே உணர்ந்து பசலி என்ற வருவாய் ஆண்டைக் கொண்டுவந்தார்; திப்புவுக்கும் அதே சங்கடம்.

அப்படியானால் அந்தத் தலைப்பாகை எதற்கு? என் கணிப்பு இது. திப்புவுக்கு ராஜகுலம் இல்லை. பாட்டனார் சிப்பாய் உத்தியோகம் பார்த்தவர், தந்தை பட்டாளத்தில் நாயக்காக உயர்ந்து ஆட்சியைப் பிடித்தவர். பாளையக்காரரை விரட்டினார், வாடியாரை ஒதுக்கினார், பாதுஷாவை வெட்டிவிட்டார். இத்தனைக்கும் பிறகு, வரி கேட்க நீ யார் என்ற கேள்வி பாக்கி. வாலாஜாவிடம் அதற்குச் சன்னது இருந்தது. திப்புவிடம் இல்லை. 1786-இல் சுமார் 900 பேர் கொண்ட தூதுக்குழுவை இஸ்தான்புலுக்கு அனுப்பியது அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான். துருக்கி சுல்தானிடம், அதாவது கலீபாவிடம், அங்கீகாரம் கேட்டார். கூடவே பஸ்ரா துறைமுகத்தில் வியாபாரச் சலுகையும், துப்பாக்கி, கடிகாரம், கண்ணாடி செய்யத் தெரிந்த கைவினைஞர்களையும் கேட்டார். கலீபாவின் ஆசியும் கடிகாரக்காரனும் ஒரே பட்டியலில்! கொள்ளைநோயிலும் கடலிலும் பெரும்பாலோர் மடிந்து, சிலரே திரும்பினார்கள். அங்கீகாரம் கிடைத்தது, மற்றதெல்லாம் இல்லை.

நாமக்கல்லில் கிஸ்தி கட்டிய கவுண்டருக்கு இஸ்தான்புல் அங்கீகாரத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்குச் சொல்ல வேறு மொழி இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனைக்கு அருகிலேயே ரங்கநாதர் கோயில் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. 1791-இல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது சங்கராச்சாரியாருக்கு ஆறுதல் சொல்லி, சாரதாம்பாள் சிலையை மீண்டும் நிறுவப் பணமும் பொருளும் அனுப்பினார் திப்பு. அந்தக் கன்னடக் கடிதங்கள் மடத்தில் இருந்தபடியே 1916-இல் வெளிச்சத்துக்கு வந்தன. கணக்கையும் கஜானாவையும் பார்த்தவர் பூர்ணய்யா. நாமக்கல் பாறையின் இரு பக்கமும் அதியர் காலத்துக் குடைவரைகளில் நரசிம்மரும் அரங்கநாதரும், உச்சிக் கோட்டையில் ஒரு கோயிலும் ஒரு தர்காவும்; மேலே துப்பாக்கியோடு நின்ற பட்டாளத்துக்கு இது இடைஞ்சலாகத் தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. நிறுத்தக் கூடாது. குடகிலும் மலபாரிலும் மங்களூர்க் கிறித்தவர்களிடமும் இதே திப்பு நடந்துகொண்ட விதம் கொடூரமானது. கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிப் போனார், கட்டாய மதமாற்றம் செய்தார். சேலத்தில் ஒரு திப்பு, குடகில் இன்னொரு திப்பு என்று இரண்டு பேர் இல்லை. பணிந்து வரி கட்டிய சமவெளியில் அரசின் கை கணக்குப் புத்தகத்தோடு வந்தது. எதிர்த்து நின்ற மலைநாட்டில் அதே கை தண்டனையாக மதத்தைத் தூக்கியது. கோயில் மானியங்களும் பிராமண இனாம்களும் நம் பக்கத்திலும் பறிபோயின. அதைக் கோயில் விரோதம் என்பதா, மானியம் எதுவானாலும் வருவாய்க்குள் இழுக்கும் வெறி என்பதா? பின்னால் வந்த கும்பினியும் இனாம்களைக் குடைந்து குடைந்து விசாரித்ததைப் பார்க்கும்போது, நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன்.

இதே காலத்தில் இஸ்தான்புல்லில் மூன்றாம் சலீம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு கண் பார்த்துவிடலாம். 1789-இல் பட்டமேறிய அவரும் ஐரோப்பிய முறையில் புதுப் பட்டாளம் கட்டினார். அதற்கு நிஜாமி ஜதீத், புதிய ஒழுங்கு, என்றே பெயர். பழைய ஜானிசாரிப் படையும் உலமாக்களும் சேர்ந்து 1807-இல் அவரைப் பட்டத்திலிருந்து இறக்கினார்கள், அடுத்த வருஷம் கொன்றார்கள். திப்புவைத் தடுக்க உள்ளூரில் அப்படி ஒரு பழைய பட்டாளமும் இல்லை, பத்வா கொடுக்கும் பலமுள்ள உலமா சபையும் இல்லை. புது ஆள் என்பதால் வேண்டியதை இடித்துக் கட்ட முடிந்தது. அதே காரணத்தால் அவர் போனபின் தாங்கிப் பிடிக்கவும் ஆளில்லை. 1798-இல் நெப்போலியன் எகிப்துக்குள் இறங்கியதும் சலீம் திப்புவுக்குக் கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரர்களை நம்பாதே, ஆங்கிலேயரோடு சமாதானமாகப் போ என்று. அதைக் கொண்டுவந்து கொடுத்ததே ஆங்கிலேயர்கள். கலீபாவிடம் விசுவாசம் காட்டியும் தன் குறைகளை அடுக்கியும் திப்பு பதில் எழுதினார். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை பிடிபட்டது. திப்பு சண்டையிலேயே விழுந்தார். பூர்ணய்யாவுக்கோ வேலை போகவில்லை. கும்பினி பட்டத்தில் உட்கார வைத்த வாடியார் குழந்தைக்குத் திவானாகி 1811 வரை அதே கணக்கைப் பார்த்தார்.

மதத்துக்கும் அரசுக்கும் உள்ள இந்தக் கணக்கில் கள்ளையும் சேர்க்க வேண்டும். திப்பு சாராயத்தையும் கள்ளையும் தடை செய்ய முனைந்தார். கஜானாவுக்கு நஷ்டம் என்று அதிகாரிகள் முனகியபோதும் விடவில்லை. இஸ்லாத்தில் மது விலக்கப்பட்டது என்பது ஒரு காரணம். உழைக்கிற ஆள், அணிவகுக்கிற ஆள் தெளிவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சுமார் 150 வருஷம் கழித்து, 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதல் முறையாக மதுவிலக்கு அமலான ஜில்லா எது? நாமக்கல்லும் திருச்செங்கோடும் அடங்கிய சேலம். கொண்டுவந்தவர் ராஜாஜி. 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோதே கள்ளுக்கடை மறியல் அவர் நினைவில் ஊறியிருந்தது. போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். ஒருவர் குர்ஆனைக் கையில் வைத்திருந்தார், மற்றவர் கீதையை. குடியானவன் மாலையில் எங்கே போகிறான் என்பது அரசின் விஷயம் என்று இருவருமே நினைத்தார்கள்.

ரீடும் மன்றோவும் தங்களுக்குக் கிடைத்ததை வைத்துத்தான் ரயத்துவாரியைக் கட்டினார்கள். நிலத்தை அளந்தார்கள்; ஒவ்வொரு குடியோடும் நேரே கணக்குப் பேசினார்கள்; அது திப்பு போகாத தூரம். சிரஸ்தார், ஜமாபந்தி, கிஸ்தி எதையும் மாற்றவில்லை. மௌலூதி ஆண்டு திப்புவோடு செத்தது. அக்பரின் பசலி பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் நாமக்கல் தாலுகா ஆபீசில் ஜூலை 1-ஆம் தேதி புதுப் பசலி பிறக்கிறது. மைசூருக்காகப் படை திரட்டி நின்ற தீரன் சின்னமலையை 1805-இல் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் கோட்டை திப்புவுக்குத் தண்டு நிறுத்தவும் கும்பினிக்குத் தண்டனை கொடுக்கவும் ஒரே மாதிரி பயன்பட்டது.

இவ்வளவு செய்த பிறகு கும்பினி ஒரு கோணல் காரியம் செய்தது. வங்காளத்தில் காரன்வாலிஸ் போட்ட நிரந்தர ஜமீன் முறையை இங்கேயும் நடத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. 1802-இல் ஒழுங்குமுறை வந்தது. மைசூர் அரசு 30 வருஷம் பாடுபட்டு நடுவிலிருந்து நகர்த்திய ஆளை, கும்பினி ஏலம் போட்டு மறுபடி கொண்டுவந்து உட்கார வைத்தது. சேலம் ஜில்லாவைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் மிட்டா என்று பெயர் வைத்து, கையில் பணம் இருந்தவனுக்கு விற்றார்கள். வாங்கிய பலர் கிஸ்தி கட்ட முடியாமல் சீக்கிரமே நொடித்துப்போக, மன்றோ கவர்னராகத் திரும்பி வந்த 1820-க்குப் பிறகு ரயத்துவாரி மீண்டும் தலையெடுத்தது. தாக்குப்பிடித்த மிட்டாக்களோ 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை இருந்தன. அந்த ஏலங்களில் யார் யார் கேட்டார்கள், யார் மூழ்கினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.